இருபது முறையும் தவறாத குழல்

2024ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடத்திற்கு, நீலத்துறை மருத்துவக் கல்லூரியின் அவசரப் பிரிவில், கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத் தொழிலாளி பழனியாண்டி உயிர் நீத்தார். மூச்சுக்குழாய்க்குள் இறங்கியிருக்க வேண்டிய குழல், அவருடைய உணவுக்குழாய்க்குள் இறங்கியிருந்தது. குற்றம் முழுவதும் சௌமியா என்னும் இருபத்து மூன்று வயதுப் பயிற்சி மருத்துவரின்மேல் சுமத்தப்பட்டது. குற்றம் அவளுடையதன்று. அது யாருடையது என்பதை அறிந்தவன் ஒருவன் இருந்தான். மூன்று வாரங்களாக அவன் வாய் திறக்கவில்லை.

அவன் பெயர் பன்னீர்செல்வம். அக்கல்லூரியின் பயிற்சிக்கூடம் அவன் பொறுப்பில் இருந்தது. டிசம்பர் 3ஆம் நாள் மாலை நாலரை மணிக்கு அவன் அந்தக் கூடத்தின் கதவைத் திறந்தபோது, மேசைமேல் கிடந்த பொம்மையின் வயிறு உப்பியிருந்தது.

அவன் கதவருகிலேயே நின்றான். தகரக் கூரையின்மேல் மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. மூன்று வாரங்கள் அடைத்துக் கிடந்த அறையிலிருந்து பூஞ்சையும் ஸ்பிரிட்டும் பழைய ரப்பரும் கலந்த வெப்பமான நெடி வந்து முகத்தில் மோதியது. சன்னல் கம்பிகளுக்கு அப்பால் தென்னை மட்டைகள் அசைய அசைய அவற்றின் நிழல் பொம்மையின்மேல் ஏறி இறங்கியது. நிழலால் வந்த மயக்கம் என்று எண்ணி, விளக்கைப் போட்டான். வயிறு உப்பித்தான் இருந்தது.

வராந்தாவுக்குத் திரும்பிச் சென்று காவலாளியைக் கேட்டான்.

"பெரியதம்பி, உள்ள யாராச்சும் போனாங்களா?"

"யாரு போவா அண்ணே? இப்ப உங்ககிட்ட குடுக்குற வரைக்கும் சாவி மூணு வாரமா என் இடுப்புலதான் கெடந்துச்சு. ஏன், எதாச்சும் காணலையா?"

"இல்ல. பொம்மை வயிறு உப்பியிருக்கு."

"நாம இல்லாத நேரம் பாத்து எந்திரிச்சு வயிறு முட்ட நாஷ்தா பண்ணிட்டு வந்து படுத்துக்கிச்சோ என்னவோ." பெரியதம்பி தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டு குடையை விரித்தான். "நான் கேட்டுப் பக்கம் போறேன். பிஜ்லி எப்ப வேணாலும் போயிடும், இருட்டுல மாட்டிக்குவீங்க. ஜல்தி முடிச்சிட்டுக் கெளம்புங்க. பொம்மைக்கு எதுக்கு அண்ணே ஓவர்டைம்?"

பன்னீர்செல்வத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வயிறு உப்ப வழியே இல்லை என்பது அவனுக்குத் தெரியும். வழியை அடைத்தவனே அவன்தான்.

அந்தப் பொம்மைக்குக் கையும் காலும் இல்லை. தலை, கழுத்து, மார்பு, வயிறு ஆகியவை மட்டுமே. வாய் எப்போதும் திறந்திருக்கும். மூச்சு நின்றுபோன நோயாளியின் தொண்டைக்குள் குழலைச் செலுத்திக் காற்றைக் கொடுப்பது எப்படி என்பதை மாணவர்கள் அதனிடந்தான் கற்றார்கள். தொண்டைக்குள் இரண்டு வழிகள் உண்டு. முன்வழியே சென்றால் குழல் மூச்சுக்குழாயை அடையும். குழலின் வெளிமுனையில் மாட்டிய காற்றுப்பையை அமுக்கினால் மார்பு எழும். பின்வழியே சென்றால் அஃது உணவுக்குழாயை அடையும், வயிறு எழும். வயிறு எழுந்தால் தவறு. அந்தத் தவறைக் கண்ணால் கண்டு, வெட்கி, குழலை உருவி, மறுபடி முயல்வதற்காகவே வயிற்றுக்குள் ஒரு பை வைக்கப்பட்டிருந்தது.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், உப்புக்காற்றில் பழுதாகி, பொம்மையின் உணவுக்குழாய் கிழிந்தது. துறைத்தலைவர் சிவபிரகாஷிடம் சென்று சொன்னான்.

"மெயின்லேண்ட்லேருந்து ஸ்பேர் வர ஆறு மாசம் ஆகும் பன்னீர். கப்பல்ல ஏத்துறதுக்கே ரெண்டு மாசம். இன்ஸ்பெக்‌ஷன் அடுத்த வாரம். ஏதாவது ஜுகாடு பண்ணி அதுவரைக்கும் சமாளி."

செய்தான். தன் பழைய ரப்பர்ச் செருப்பின் குதிகாலில் இரண்டு விரற்கடை அறுத்தெடுத்தான். பிளேடால் சீவி உருட்டினான். பசை தடவிப் பின்வழிக்குள் திணித்தான். கச்சிதமாகப் பொருந்தியது. அன்றைக்கு அவனுக்கு அதில் பெருமைகூட இருந்தது. அதன்பிறகு குழலை எப்படிச் செலுத்தினாலும், கோணலாகச் செலுத்தினாலும், கண்ணை மூடிக்கொண்டு செலுத்தினாலும், அடைப்பில் முட்டி வழுக்கி முன்வழிக்குள்தான் போயிற்று. ஆய்வுக்கு வந்தவர்கள் வியந்தார்கள். மாணவர் அனைவரும் தேறினார்கள். ஸ்பேர் கேட்டு எழுதிய கடிதத்தை அதன்பிறகு யாரும் நினைவூட்டவில்லை.

சௌமியா மற்றவர்களைவிட ஒழுங்கானவள். வகுப்பு முடிந்த பின்பும் விடுதிக்குப் போகாமல் மாலை வேளைகளில் வந்து பயின்றாள். ஒருநாள் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "இருபதுக்கு இருபது அண்ணா. ஒரு தடவைகூடத் தப்பல. கை செட் ஆயிடுச்சு."

"ராசியான கை டாக்டரம்மா உங்களுக்கு" என்றான் பன்னீர்செல்வம். சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைக்கும்போதெல்லாம் இப்போது அவன் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அவன் மேசையை நெருங்கினான். உப்பிய வயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்து மெல்ல அமுக்கினான். பொம்மையின் திறந்த வாயிலிருந்து காற்று வந்தது. நீண்டு, ஈரமாக, கொழகொழவென்று ஒலித்தது. அதோடு ஒரு மணமும் வந்தது. ரப்பர்ப் பொம்மையிடம் ரப்பர் மணக்காமல் வேறு எது மணக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் அது பொம்மையின் மணமன்று. வாளியில் புளித்துத் திரண்ட ரப்பர்ப் பாலின் மணம், அதனோடு வெற்றிலை. மூன்று வாரங்களுக்கு முன்பு, அவசரப் பிரிவில் கத்தரித்து எறியப்பட்ட ஒரு சட்டையிலிருந்து அந்த மணம் எழுந்ததை அவன் அறிவான்.

கையை எடுத்தான். வயிறு மெல்ல மெல்ல மறுபடி எழுந்தது.

பழனியாண்டி கச்சாலிலிருந்து புரோத்ராபூரில் இருந்த மகள் வீட்டுக்கு வந்திருந்தார். தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தவரை விடியற்காலையில் கட்டுவிரியன் கடித்தது. வலி இல்லாததால் எறும்பு என்று எண்ணிவிட்டார். நண்பகலில் இமைகள் சரிந்தன. பிறகு நாக்குத் தடித்துப் பேச்சுக் குழறியது. பிறகு மூச்சு. அந்த நஞ்சு உடம்பைக் கட்டிப்போடும், அறிவைத் தொடாது. யாரேனும் இரண்டு மூன்று நாள் மூச்சை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் பெரும்பாலோர் எழுந்து நடந்துவிடுவர். மயக்க மருத்துவர் அறுவை அரங்கில் இருந்தார். சௌமியா தனியே நின்றாள். நடுங்காத கையோடு குழலைச் செலுத்தினாள்.

எடுபிடிக்கு ஆளில்லாமல் அழைக்கப்பட்ட பன்னீர்செல்வம் ஆக்சிஜன் உருளையைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தது அப்போதுதான். அவன் கண் மார்பைப் பார்க்கவில்லை. நேரே வயிற்றைப் பார்த்தது. வயிறு எழுந்தது. சௌமியா பையை அமுக்க அமுக்க, பழனியாண்டியின் ஒட்டிய வயிறு பானைபோல் எழுந்துகொண்டே வந்தது. அவள் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். பொம்மையிடம் பதினான்கு மாதங்களாகச் சரியான ஒலி ஒன்றை மட்டுமே கேட்டுப் பழகிய காது அது. தவறான ஒலி எப்படி இருக்கும் என்பதே அதற்குத் தெரியாது. "சத்தம் நல்லாத்தான் இருக்கு" என்றாள். "விஷந்தான் ஏறுது."

வயிறு. அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் போதும். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் பொம்மையைப் பார்ப்பார்கள். பார்த்தால் செருப்பு. வேறு யாரேனும் கவனித்துச் சொல்லட்டும் என்று பன்னீர்செல்வம் காத்திருந்தான். உருளையின் திருகைத் திறப்பதுபோலவும் மூடுவதுபோலவும் கையை வைத்துக்கொண்டு, நான்கு நிமிடங்கள் காத்திருந்தான்.

கதவோரத்தில் பழனியாண்டியின் மனைவி கருப்பாயி நின்றிருந்தாள். அவள் அவனைப் பார்த்துத்தான் சொன்னாள். "ஐயா, அவரு கண்ணு கொஞ்சம் தெறந்திருக்குங்க. பாக்குறாருங்க ஐயா. ஒங்களத்தான் பாக்குறாரு."

பயிற்சிக்கூடத்தில், மேசைமேல் இருந்த கைபேசி ஒளிர்ந்து அதிர்ந்தது. பன்னீர்செல்வம் திடுக்கிட்டுச் சுவரில் இடித்துக்கொண்டான்.

"அண்ணா, சௌமியா பேசறேன். லேப்லயா இருக்கீங்க?"

"ஆமாம்மா."

"நாளைக்கு என்கொயரி கமிட்டி முன்னாடி பொம்மையில செஞ்சு காட்டச் சொல்லியிருக்காங்க. சரியா வரலன்னா டிகிரியே கிடைக்காதுன்னு சிவபிரகாஷ் சார் சொல்லிட்டார்." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "எனக்குப் பயமில்ல அண்ணா. பொம்மை என்னைக் கைவிடாது. நீங்க மட்டும் வந்து ஒரு வார்த்தை சொல்லணும். இருபது தடவையும் நான் சரியாப் போட்டேன்னு. பாத்தது நீங்க ஒருத்தர்தானே?"

அவன் பார்வை பொம்மையின் வயிற்றுக்குத் திரும்பியது.

"அண்ணா?"

"ம்."

"அஞ்சு நிமிஷத்துல வரேன். கடைசியா ஒரு தடவை போட்டுப் பாத்துக்கறேன். ஹாஸ்டல்லதான் இருக்கேன்."

தொடர்பு அறுந்தது. ஐந்து நிமிடங்கள். அதற்குள் முடிக்க வேண்டும். அன்று நண்பகலில் சிவபிரகாஷ் அவனைத் தனியே அழைத்துத் தாழ்ந்த குரலில் சொன்னது ஒரு வாக்கியந்தான்: "நாளைக்குப் பொம்மை புதுசு மாதிரி இருக்கணும் பன்னீர், உன் கைவேலை எதுவும் அதுல தெரியக்கூடாது." கிழிசலை ஒட்ட அவரே ஒரு பட்டையும் கொடுத்தனுப்பினார். செருப்புத் துண்டு அங்கே இருந்து, குழு அதைக் கண்டால், சௌமியா பிழைப்பாள், பன்னீர்செல்வம் அழிவான். துண்டை எடுத்துவிட்டால் நாளைக்கு அவளுடைய குழல், வாழ்வில் முதன்முறையாக அந்தப் பொம்மையின் வயிற்றுக்குள் போகும். குழுவினர் ஐந்து பேரும் பார்ப்பார்கள். எழுதிக்கொள்வார்கள். அத்தோடு முடிந்தது.

இமைகள் கனத்தன. உறக்கமில்லாத மூன்று வாரங்கள், என்று எண்ணிக்கொண்டான். கண்ணைக் கசக்கினான். கனம் போகவில்லை.

இழுப்பறையைத் திறந்து நீண்ட இடுக்கியை எடுத்தான். நாக்கைத் தூக்கித் தொண்டையைக் காட்டும் ஸ்கோப்பை எடுத்து விரித்தான். அதன் நுனியில் அரிசிமணி அளவு விளக்கு எரிந்தது. சரியாக அந்த நொடியில் மின்சாரம் போயிற்று. மின்விசிறி முனகி முனகி நின்றது. வெளியே ஐந்து மணி வெளிச்சம் சாம்பல் நிறத்தில் கரைந்துகொண்டிருந்தது. அறையில் எஞ்சியது அந்த அரிசிமணி வெளிச்சம் மட்டுமே.

அதைப் பொம்மையின் வாய்க்குள் செலுத்தினான். நாக்கைத் தூக்கினான்.

அங்கே செருப்புத் துண்டு இருந்தது; நீலமாக, பளபளப்பாக, அவன் வைத்தபடியே. அதற்கு மேலே, மூச்சுக்குழாயின் வாயிலில், வெள்ளை நெகிழியால் அச்சிட்ட குரல்நாண்கள் இரண்டும் இருக்க வேண்டும். இருந்தன. ஆனால் அவை ஈரமாக இருந்தன. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை சற்றே விலகின. சற்றே கூடின. பேசத் தொடங்கும் ஒருவனுடைய நாண்களைப்போல.

வெளிச்சத்தின் நடுக்கம். வேறொன்றுமில்லை.

இடுக்கியால் துண்டைப் பற்றினான். இழுத்தான். வரவில்லை. பதினான்கு மாதப் பசை. இடுக்கியை எறிந்துவிட்டு இரண்டு விரல்களை உள்ளே விட்டான். உள்ளே சூடாக இருந்தது. காய்ச்சல்காரனின் வாயைப்போல் சூடு. விரல்நுனி துண்டின் விளிம்பைத் தொட்டது. அப்போது அந்தத் தொண்டை அவன் விரல்களைச் சுற்றி இறுகியது. ஒருமுறை. விழுங்க முயன்று, முடியாமல், மறுபடி ஒருமுறை.

"மன்னிச்சிருங்கையா" என்றான் பன்னீர்செல்வம். யாரிடம் சொன்னான் என்பது அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

கையை எடுத்திருக்கலாம். அந்த நிலையிலும் அவனுக்கு அது தெரிந்தது. கையை எடுத்துவிட்டு, மழையில் நடந்து ஷாதிபூர் வீட்டுக்குப் போய், மனைவி ஜெயமணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, நாளைக் காலை குழுவின் முன் நின்று, இதோ பாருங்கள் என்று இந்த வாயைத் திறந்து காட்டியிருக்கலாம். துண்டு இருக்கும் இடத்தில் இருந்தால் போதும். ஒருத்தி பிழைப்பாள். அவன் அதை எண்ணினான். முழுவதும் எண்ணினான். பிறகு, தெருவில் தன்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்தும் முகங்களை எண்ணினான்.

இழுத்தான்.

துண்டு வந்துவிட்டது. எளிதாக. அவன் உள்ளங்கையில் வெதுவெதுப்பாக விழுந்தது. உப்பியிருந்த வயிறு தணிந்தது.

பொம்மை மூச்சை இழுத்தது.

நீண்ட மூச்சு. மூன்று வாரங்களாக இழுக்கப்படாத மூச்சு. ரப்பர்த் தோலுக்கடியில் மார்பு எழுந்தது, எழுந்துகொண்டே இருந்தது, அறையிலிருந்த காற்றெல்லாம் அந்தத் திறந்த வாயை நோக்கிச் சென்றது. பன்னீர்செல்வத்தின் வாய்க்குள்ளிருந்த காற்றும் சென்றது. மூக்கிலிருந்ததும். நெஞ்சிலிருந்ததும்.

அவன் திரும்ப இழுக்க முயன்றான். நெஞ்சு அசையவில்லை.

இமைகள் சரிந்தன. பாதியில் நின்றன. நாக்குத் தடித்தது. கத்த வாயைத் திறந்தான்; வாய் திறந்தது, அவ்வளவே. முழங்கால்கள் மடிந்தன. தலை சிமெண்டுத் தரையில் மோதியது, வலி தெரிந்தது. எல்லாம் தெரிந்தது. தரையின் ஈரம். கூரைமேல் மழை. கையில் செருப்புத் துண்டு. விரல்கள் அதன்மேல் மூடிக்கொண்டிருந்தன. திறக்க முடியவில்லை.

மேலே, மேசையில், பொம்மை மூச்சு விட்டது. இழுத்தது. விட்டது. மார்பு ஒழுங்காக எழுந்து ஒழுங்காகத் தணிந்தது.

கதவருகில் செருப்பொலி. கைபேசி வெளிச்சம் தரையில் ஓடி வந்தது.

"அண்ணா? ஐயோ, பன்னீரண்ணா."

சௌமியா முழந்தாளிட்டாள். கழுத்தைத் தொட்டாள். மூக்கின் அருகே கன்னத்தை வைத்துப் பார்த்தாள். அவசரப் பிரிவுக்கு அழைத்து, "ஸ்கில் லேப்ல பன்னீரண்ணா விழுந்து கிடக்கார், மூச்சு இல்ல, ஆளை அனுப்புங்க" என்றாள். பெரியதம்பியைக் கூவி அழைத்தாள். மழை அந்தக் குரலை மென்று விழுங்கியது. பிறகு எழுந்தாள். மேசைமேலிருந்த குழலையும் பையையும் எடுத்தாள். தரையில் எரிந்துகொண்டிருந்த ஸ்கோப்பை எடுத்தாள். பொம்மையைப் பார்க்கவில்லை.

"பயப்படாதீங்க அண்ணா. நான் இருக்கேன். எனக்கு இது நல்லா வரும். உங்க முன்னாடிதானே கத்துக்கிட்டேன்."

இல்லை, என்று அவன் சொன்னான். ஒலி வரவில்லை.

நாக்கு தூக்கப்பட்டது. குழல் உள்ளே வந்தது. குளிர்ந்து, வழவழப்பாக. அவள் கை நடுங்கவில்லை. குழல் முன்வழியின் விளிம்பைத் தொட்டது. விலகியது. பின்னே சென்றது. அங்கே அதை முட்டித் திருப்ப ஒன்றுமில்லை. இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது.

அவள் பையை அமுக்கினாள்.

அவன் சட்டையின் கடைசிப் பொத்தான் இறுகியது. இன்னொரு முறை. பொத்தான் தெறித்து எங்கோ உருண்டது.

அவள் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். பாதி மூடிய இமைகளின் இடுக்கு வழியே அவன் அவளையே பார்த்தான். மூன்று வாரங்களில் முதன்முறையாக அவள் முகத்தில் ஆறுதல் தோன்றியது.

"சத்தம் நல்லாத்தான் இருக்கு அண்ணா" என்றாள்.

மறுபடி அமுக்கினாள். அவனுடைய மூடிய கையைத் தன் இடக்கையால் பற்றிக்கொண்டாள். வயிறு எழுந்தது. அமுக்கினாள். எழுந்தது. மேசைமேல் பொம்மை மூச்சை இழுத்தது, விட்டது.

இதுவரை படித்த நீங்கள் வயிற்றைப் பார்த்துவிட்டீர்கள். பார்க்கவில்லை என்று இனிச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. வேறு யாரேனும் சொல்லட்டும் என்று கதவோரத்தில் நிற்காதீர்கள். அவள் இன்னும் அமுக்கிக்கொண்டிருக்கிறாள். ஒரு சொல்தான். வாயைத் திறந்து அதைச் சொல்லுங்கள்.